பத்து இரவு முதல் ஆறு மாதம் வரை: ஆண்மைப் பயிற்சியின் அவசர வரலாறு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் ஞாபகம்தான் வரும். 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது, 2006-ல் நோக்கியா வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் அப்போலோ டயர்ஸும் வந்தன. (நோக்கியா 2014-ல் மூடப்பட்டது தனிக்கதை.) அதன் பிறகு இது வாலிபர்களின் ஊர். மதுரை, திருவண்ணாமலை, பீகார், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ வந்து நாலைந்து பேராக ஒரு ரூமில் தங்கி, ஷிப்ட் முடிந்து தூங்கி, மறுபடி கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். பாதிப்பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. ஆனவர்களுக்கு மனைவி ஊரில்.

இப்படிப்பட்ட வாலிபர்களைக் குறிவைத்துத் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளிலும் கட்டணக் கழிப்பறைச் சுவர்களிலும் ஒட்டப்படும் நோட்டீஸைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆண்மைக்குறைவு, நரம்புத்தளர்ச்சி, உறுப்பு சிறுத்துப்போதல்... மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன ரூம் நம்பர். "வாலிப, வயோதிக அன்பர்களே" என்ற விளி ஜோக்காகவே ஆகிவிட்டது. இப்போது அதே சங்கதி செல்போனில் பயிற்சியாக வருகிறது. மருந்து வேண்டாம், கையால் இப்படி இழு, இப்படி அழுத்து, சில நாளில் வித்தியாசம் தெரியும் என்கிறார்கள்.

இதைப் புது மோகம் என்று நினைத்தால் தப்பு. குறைந்தது 1,700 வருடத்துக் கதை இது.

காமசூத்திரம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆசனங்கள்தான். அதன் ஏழாவது பகுதியின் கடைசி அத்தியாயத்தை யாரும் படிப்பதில்லை. கி.பி. 3-ம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்நூலில் உறுப்பைப் பெரிதாக்க ஒரு வழிமுறை வருகிறது. மரத்தில் வாழும் ஒருவகைப் பூச்சியின் சுணையை உறுப்பில் தேய்க்க வேண்டும். பிறகு பத்து இரவு எண்ணெய் தடவித் தேய்க்க வேண்டும். மறுபடி சுணை, மறுபடி எண்ணெய். நன்றாக வீங்கியதும் கட்டிலில் ஓட்டை போட்டு, குப்புறப் படுத்து, உறுப்பை அந்த ஓட்டை வழியே தொங்கவிட வேண்டும்! அந்த வீக்கம் ஆயுள் முழுக்க நிற்குமாம். வேறு சில தைலங்களுக்கு ஒரு மாதம், ஆறு மாதம் என்று கெடுவும் சொல்லப்படுகிறது. கம்பளிப்பூச்சி பட்ட கையை நினைத்துப் பார்த்தால் இந்த 'வளர்ச்சி' என்னவென்று புரிந்துவிடும். வெறும் அழற்சி. வாத்ஸ்யாயனரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அதற்கு முந்தைய அத்தியாயத்தின் முடிவில், சந்தேகமானதையும் உடம்புக்குக் கேடு செய்வதையும் பயன்படுத்தக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

அந்த எச்சரிக்கையை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்குச் சாட்சி வேறு நூலில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பேர்போன சுஸ்ருத சம்ஹிதையில் நோய்களை அடையாளம் காணும் பகுதியில் 14-வது அத்தியாயம் முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தலைப்பு சூகதோஷம். சூகம் என்பது அதே சுணைதான். உறுப்பைப் பெரிதாக்கும் ஆசையில் முறை தவறிச் செய்பவர்களுக்கு வரும் 18 கோளாறுகளை வரிசையாகச் சொல்கிறார்கள். கடுகு போன்ற கொப்புளம், தோல் வெந்துபோதல், தொடு உணர்ச்சியே போய்விடுதல், சல்லடை போலத் துளை விழுதல் என்று போகிறது பட்டியல். நான்கு கோளாறுகள் தீராதவை. அதில் ஒன்று சதையே அழுகிவிடுவது.

இந்தப் பட்டியலில் இரண்டு பெயர்கள் இன்றைய செல்போன் பயிற்சியாளர்கள் படிக்க வேண்டியவை. 'மிருதிதம்' என்பது அழுத்திப் பிசைவதால் வரும் வீக்கம். 'சம்மூட பிடகை' என்பது இரண்டு கைகளாலும் அளவுமீறித் தேய்ப்பதால் வரும் கட்டி. அதாவது கையால் பிசைவதாலும் தேய்ப்பதாலும் வரும் காயத்தை அந்தக் கால வைத்தியர்கள் தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு அத்தியாயமே எழுத வேண்டியிருந்தது என்றால் எத்தனை வாலிபர்கள் வந்து நின்றிருப்பார்கள்!

அடுத்த பெரிய மாற்றம் அச்சு இயந்திரமும் தபாலும் வந்த பிறகு ஏற்பட்டது. 1877-ல் வி.பி.பி. முறை வந்தது. பார்சலைக் கையில் வாங்கும்போது பணம் கொடுத்தால் போதும். கடைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டாம், எதற்கு மருந்து என்று சொல்ல வேண்டாம். ஜாம்நகர் மணிசங்கர் கோவிந்தஜியின் ஆதங்க நிக்ரஹ மாத்திரை போன்றவை நாடு முழுக்கப் பல மொழிப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தன. கேட்டவர்களுக்குக் காமசாஸ்திரப் புத்தகத்தை இலவசமாக அனுப்பும் உத்தியும் இருந்தது. முதலில் கவலையை இலவசமாகக் கொடு, பிறகு மருந்தைக் காசுக்குக் கொடு!

வியாபாரக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதைவிட வசதியான சரக்கு கிடையாது. டிவி ரிப்பேர் ஆனால் கடைக்குப் போய் சத்தம் போடலாம். இதில் ஏமாந்தவன் வாயைத் திறக்க மாட்டான், ரூம் நண்பனிடம்கூட. சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-ல் எழுதினார். அவர் உதாரணம் காட்டியது பழைய கார்களை. லாட்ஜ் வைத்தியத்தைப் பார்த்திருந்தால் காரைத் தொட்டிருக்கவே மாட்டார்.

கவலை விற்கப்பட்டால் அது நோயாகவும் மாறும். விந்து வெளியேறுவதால் உடம்பு கரைந்துபோகிறது என்ற பயத்தோடு சோர்வு, படபடப்பு எனத் தவிக்கும் இளைஞர்களின் நிலைக்கு மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் தாது நோய்க்குறி என்று பெயர் வைத்தார். தமிழில் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசிய முக்கியமான குரல் மனநல மருத்துவர் மாத்ருபூதம். விஜய் டிவியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியைப் பெரியவர்கள் சேனல் மாற்றிக்கொண்டே பார்த்தார்கள் என்பதும் வரலாறுதான்.

சட்டம் சும்மா இருந்ததா? இல்லை. 1954-லேயே மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் வந்துவிட்டது. பாலின்ப ஆற்றலைப் பராமரிக்கும் அல்லது கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. முதல் தடவை 6 மாதம் வரை, மறுதடவை ஒரு வருடம் வரை சிறை. விளம்பரம் என்பதற்கு ஒளி, ஒலி, புகை மூலம் சொல்வதும் அடங்கும் என்று விளக்கம் வேறு. ஹம்தர்த் தவாகானா வழக்கில் பேச்சுரிமை வாதம் வைக்கப்பட்டது. 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில வார்த்தைகளையும் ஒரு பிரிவையும் நீக்கிவிட்டுத் தடையை நிலைநிறுத்தியது. மருந்து விதிகளின் ஜே அட்டவணையிலும், உறுப்பின் அளவையும் வடிவத்தையும் மேம்படுத்துவதாக மருந்து உரிமை கோரக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் பேசுவது மருந்தையும் தாயத்தையும் பற்றி. பயிற்சி சொல்லிக் கொடுப்பவரை இதற்குள் அடைப்பது சுலபமில்லை. நோட்டீஸ் குறைந்து பயிற்சி பெருகுவதில் ஆச்சரியம் என்ன?

சரி, பயிற்சி என்றால் எல்லாமே பொய்யா என்றால், அதுவும் இல்லை.

1948-ல் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்காக இடுப்பின் அடித்தளத் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியை வெளியிட்டார். (யோக நூல்களின் மூலபந்தமும் ஏறக்குறைய அந்த இடத்துத் தசைகள்தான், நோக்கம் வேறு.) ஆண்களிடம் அதைச் சோதித்தவர் இங்கிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் கிரேஸ் டோரி. விறைப்புக் கோளாறு உள்ள 55 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004-ல் வெளியானது. ஆறு மாத முடிவில் 40 சதவீதம் பேருக்கு விறைப்பு இயல்பாகிவிட்டது. 35 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோருக்கு முன்னேற்றம். மீதிப்பேருக்குப் பலனில்லை. கவனிக்க வேண்டியது, இது விறைப்புக்கான பயிற்சி. அளவைக் கூட்டும் என்று டோரி எங்கும் சொல்லவில்லை. பத்து இரவில் நடந்ததும் இல்லை.

அளவு விஷயத்துக்கு வந்தால், கையால் இழுக்கும் பயிற்சிகள் பலன் தரும் என்று நம்பத்தக்க ஆய்வு எதுவும் காட்டவில்லை. இழுவைக் கருவிக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. இத்தாலியில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், தினம் குறைந்தது 4 மணி நேரம், 6 மாதம் கருவியை மாட்டியவர்களுக்கு நீளம் 2 செ.மீ. சுமாருக்குக் கூடியது, பருமன் குறிப்பிடும்படி மாறவில்லை. கணக்குப் போட்டால் 720 மணி நேரம்! எட்டு மணி நேர ஷிப்டும் பஸ் பயணமும் போக, நாலு பேர் இருக்கும் ரூமில் தினம் நாலு மணி நேரம் எங்கே போவது? எனவே ஆறு மாத வேலையை அரை மணியில் முடிக்கப் பார்க்கிறார்கள். காயம் அங்கேதான் வருகிறது. சிறு ரத்தக்குழாய்கள் உடைந்து கன்றிப்போகும், மரத்துப்போகும். உள்ளுறையில் ஏற்படும் காயம் தழும்பாகி உறுப்பு வளைந்தும் போகலாம். இந்த வளைவு நோய்க்கு, 1743-ல் அதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெய்ரோனியின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

வெற்றிடக் குழாயின் கதை ஒரகடத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். 1960-களில் அதைத் தன் சொந்த உபயோகத்துக்காக வடிவமைத்த அமெரிக்கர் கெடிங்ஸ் ஆஸ்பன், டயர் தொழிலில் இருந்தவர். காற்றழுத்தம் அவருக்குத் தெரிந்த வித்தை! 1982-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி தந்தது. விறைப்பை வரவழைக்கத்தான், நிரந்தரமாகப் பெரிதாக்க அல்ல. அடியில் போடும் வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. அழுத்த அளவி, கட்டுப்பாட்டு வால்வு இல்லாத மலிவுக் குழாய்களில் எவ்வளவு இழுக்கிறோம் என்றே தெரியாது.

இவ்வளவு பாடுபடுபவர்களில் பெரும்பாலோருக்கு அளவில் குறையே கிடையாது. 2015-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 15,521 ஆண்கள் வரையிலான அளவுகளைத் தொகுத்தபோது விறைத்த நிலையில் சராசரி 13.12 செ.மீ. என்று வந்தது. படங்களில் பார்த்து மனதில் பதிந்திருக்கும் அளவு வேறு, ஸ்கேல் காட்டும் அளவு வேறு.

டோரியின் பயிற்சிக்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். வாயுவை அடக்குவது போல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை மேலே இழுத்து, சில விநாடி நிறுத்தி, விட வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. படுத்து, உட்கார்ந்து, நின்று எனச் சில தடவை, தினமும். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்து சீட்காரருக்குக்கூடத் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன் பலனை எதிர்பார்க்க வேண்டாம், வலித்தால் நிறுத்திவிட வேண்டும். விறைப்புக் குறைவு சர்க்கரை நோய்க்கும் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கும் முன்னறிவிப்பாக வருவதுண்டு என்பதால், பயிற்சி தொடங்கும் முன் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள், இலவசம்தான். விறைத்திருக்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு உடனே வீங்கினாலோ, விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் நின்றாலோ வெட்கப்பட்டு ரூமில் படுத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். லாட்ஜ் வைத்தியர் அடுத்த மாதம்தான் வருவார்.