நரம்பின் சேதியும் மையலின் செல்களும்

மையலின் பற்றிய பாடநூல் விளக்கம் பெரும்பாலும் மின்கம்பியில் தொடங்கி மின்கம்பியிலேயே முடிந்துவிடும்: செம்புக்கு மேல் காப்புறை, நரம்புக்கு மேல் மையலின். உறையில்லாத மெல்லிழையில் நொடிக்கு 1 மீட்டர் அளவில் ஊரும் சேதி, உறை போர்த்திய தடித்த இழையில் 100 மீட்டர் வரை பாய்வது உண்மைதான். ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் தனக்கான உறையைத் தானே வரவழைத்துக்கொள்வதில்லை. நரம்பு வரவழைக்கிறது.

1993இல் பென் பாரஸும் மார்ட்டின் ராஃபும் எலியின் கண்ணுக்குள் பஃபர் மீன் நஞ்சைச் செலுத்திப் பார்வை நரம்பின் மின்துடிப்பை அடக்கினார்கள். முதிர்ந்தபின் ஆலிகோடென்ட்ரோசைட்டாகி மையலின் போர்த்தவேண்டிய முன்னோடிச் செல்கள் அந்நரம்பில் பெருகுவது வெகுவாகக் குறைந்தது. 2000இல் ட்வைட் பெர்கிள்ஸ் குழுவினர் கண்டது இன்னும் வியப்பு. எலி மூளையின் ஹிப்போகாம்பஸில் நரம்புமுனைகள் இந்த முன்னோடிகள்மீது நேரடியாகவே சினாப்ஸ் என்னும் சேதிச் சந்திப்பை அமைத்துக் குளூட்டமேட் என்ற சேதிப்பொருளைச் சுரக்கின்றன. சேதியை வாங்கி அடுத்தவருக்குக் கடத்தாத செல்லிடம் நரம்புக்கு என்ன பேச்சு?

ஒரே பேச்சல்ல அது, சேதிப்பொருளுக்கேற்ப மாறுகிறது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் குளூட்டமேட் பெருக்கத்தையும் முதிர்ச்சியையும் சேர்த்தே நிறுத்தியது. அடினோசினோ பெருக்கத்தை நிறுத்தி முதிர்ச்சியைத் தூண்டியது. அசிட்டைல்கோலின், மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக, முன்னோடியை முன்னோடியாகவே இருத்திவைக்கிறது.

மருத்துவர்கள் பற்றிக்கொண்டது இந்தக் கடைசித் தடையைத்தான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மையலின் சிதைகிறது. சிதைந்த இடத்தில் முன்னோடிகள் பல வேளை இருந்தும் முதிராமல் தேங்கிக் கிடக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஜோனா சான் குழுவினர் நுண்ணிய கூம்புத் தூண்களை வரிசையாக அமைத்து, அவற்றின்மீது இச்செல்களை வளர்த்தார்கள். செல் தூணைச் சுற்றிக்கொண்டால் மேலிருந்து பார்க்கையில் வளையமாகத் தெரியும். முதிர்ந்ததா என்று மட்டுமல்ல, உண்மையில் சுற்றியதா என்றே கண்டுகொள்ளலாம், கெட்டிக்காரத்தனமான உத்தி. மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து 2014இல் அவர்கள் முன்வைத்தவற்றுள் ஒன்று கிளெமாஸ்டின், மஸ்கரினிக் ஏற்பியை அடைக்கும் பழைய ஒவ்வாமை மாத்திரை!

2017இல் வெளியான ஆய்வில் 50 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணில் பட்ட காட்சி மூளையை எட்டும் தாமதம் சராசரியாக 1.7 மில்லிநொடி குறைந்தது. கூடவே உடற்சோர்வும் மிகுந்தது. பார்வைக்கூர்மை உறுதியாகச் சொல்லும்படி மேம்படவில்லை. மருந்துக்கடைக்கு ஓட இது போதாது. ஆனாலும் நெடுநாள் உறையிழந்து கிடந்த பார்வை நரம்பில் கிடைத்த 1.7 மில்லிநொடி அது. அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.