பதிவேட்டின் எண்ணும் பணியிழந்தோரும்: நெய்வேலியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வேலையில்லாதோர் தொகை இவ்வளவு என்று ஓர் எண் அச்சில் வந்தவுடன், அதைக் கொண்டு ஓர் ஆட்சியின் வெற்றியையோ தோல்வியையோ நிரூபிக்க முற்படுகிறவர்கள், அந்த எண்ணுக்குள் இடம்பெற யாருக்கு உரிமை உண்டு, இடம்பெற்றவர் எந்தக் காரணத்தால் அதிலிருந்து நீக்கப்படுகிறார், எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை அது திருத்தப்படுகிறது என்னும் விஷயங்களை விசாரிப்பது அபூர்வம். நிர்வாகக் காரியத்துக்காக ஏற்பட்ட ஒரு பதிவேட்டிலிருந்து பிறக்கும் புள்ளிவிவரம், முதலில் அந்தப் பதிவேட்டின் விதிகளை அளக்கிறது. ஜனங்களின் ஸ்திதியை அதற்குப் பின்பே, அதுவும் ஓரளவுக்கே, அளக்கிறது. இந்த அபிப்பிராயத்தை நிலைநாட்டுவதற்கு, பொதுத்துறைத் தொழில், பெருந்தொகையான ஒப்பந்தத் தொழிலாளர், நிலம் கொடுத்த விவசாயக் குடும்பங்கள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த நெய்வேலியை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்காது என்று கருதுகிறேன்.

வேலையிழந்தோரின் மனுக்களை வாரந்தோறும் எண்ணி வெளியிடும் வழக்கத்துக்குப் பிரசித்தமான உதாரணம் அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து நாடெங்கும் பரவிய வேலையின்மைக் காப்பீட்டின் கீழ், சனிக்கிழமையோடு முடியும் ஒவ்வொரு வாரத்திலும் புதிதாக எத்தனை பேர் உதவி கேட்டு மனுச் செய்தார்கள் என்பதை அடுத்த வியாழக்கிழமை காலையில் தொழிலாளர் இலாகா அறிவிக்கிறது; முன்பே மனுச் செய்து, இன்னும் வேலை கிடைக்காமல் உதவியைத் தொடர்ந்து கோருகிறவர்களின் தொகை அதற்கும் ஒரு வாரம் பிந்தி வருகிறது. பண்டிகை விடுமுறையாலும், கோடையில் மோட்டார் ஆலைகள் புது மாதிரிகளுக்காகச் சில வாரம் மூடப்படுவதாலும் ஏறி இறங்கும் அந்த எண்ணைப் பருவத்துக்கேற்பத் திருத்தியும், நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டும் பார்ப்பதே பயின்றவர்களின் வழக்கம். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் மாத இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தபோது, பழைய பருவகாலப் பெருக்குக் குணகங்கள் எண்ணை விகாரப்படுத்திய காரணத்தால், அவ்வாண்டு செப்டம்பரில் அந்தத் திருத்த முறையையே மாற்ற நேர்ந்தது.

இவ்வளவு செம்மையாக நடத்தப்படும் கணக்கும் வேலையில்லாதோர் அனைவரையும் எண்ணுவதில்லை. தாமாக வேலையை விட்டவர், முதன்முதலாக வேலை தேடும் இளைஞர், சுயதொழில் செய்தவர் ஆகியோர் சாதாரண காலத்தில் அதற்குள் வருவதில்லை. மேலும், உதவி கோரும் தவணை பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரத்தோடு தீர்ந்துவிடுவதால், தொடர் மனுக்களின் தொகை குறைந்ததற்கு வேலை கிடைத்தது காரணமா, தவணை முடிந்தது காரணமா என்பதை அந்த எண்ணைக் கொண்டே சொல்ல இயலாது. இருந்தும் அதற்கு ஒரு பெருமை உண்டு. புதிதாக வருகிறவர்களைத் தனியாகவும், ஏற்கெனவே நிற்கிறவர்களைத் தனியாகவும் அது காட்டுகிறது. நமது நாட்டில் இந்தப் பிரிவினை பொதுமக்களின் பார்வைக்கு வருவதே இல்லை என்பதுதான் என் குறை.

நம்மிடம் இருப்பது வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உயிர்ப்பதிவேடு. இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு ஜீவனம் தேடிக் கொடுப்பதற்காக 1945இல் தொடங்கப்பட்ட இந்த ஸ்தாபனம், 1948இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, 1956 நவம்பரில் ராஜ்ய அரசாங்கங்களின் அன்றாட நிர்வாகத்துக்கு வந்தது. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு பெற்றதும் அதே மாதத்தில்தான். தமிழ்நாட்டின் உயிர்ப்பதிவேட்டில் 2023ஆம் ஆண்டு வாக்கில் 60 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இருந்தன. இத்தனை லட்சம் பேர் வேலையின்றித் தவிக்கிறார்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். ஆனால் அரசாங்கமே வெளியிடும் வயதுவாரிப் பிரிவைப் பார்த்தால், அதில் பள்ளி மாணவர்கள் லட்சக்கணக்கில் இருப்பதும், அறுபது வயதைத் தாண்டியவர்களும் ஆயிரக்கணக்கில் இருப்பதும் தெரியவரும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறியவுடன் பள்ளியிலேயே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாட்டினால் தேர்வு முடிவுக் காலத்தில் எண் குதித்து ஏறுகிறது. மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்கத் தவறியவர்களின் பெயர் நீங்கும்போது அது இறங்குகிறது. தவறியவர்களுக்கு அரசாங்கம் விசேஷச் சலுகை அளிக்கும்போது மீண்டும் ஏறுகிறது. இவற்றுள் ஒன்றுக்கேனும் ஒருவர் வேலையை இழந்ததோடு நேரான சம்பந்தம் கிடையாது.

பதிவின் தேதியே முன்னுரிமைக்கு அளவுகோலாக இருப்பதால், வேலையில் இருக்கிறவனும் தன் பெயரை அதிலிருந்து எடுக்க மனம் துணிவதில்லை. நெய்வேலியில் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ பல்லாண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாக உழைத்துவரும் ஒருவர், தினந்தோறும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டே, நிரந்தர உத்தியோகம் என்றாவது வரும் என்னும் நம்பிக்கையில் பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதை யார் குற்றம் சொல்ல முடியும்? வேலையின் தரத்தைப் பற்றிய அவருடைய அதிருப்திக்கு அந்தப் பதிவு சாட்சியாகலாம், வேலையின்மைக்குச் சாட்சியாகாது. அதே சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். மட்டம் அசையாதிருப்பதைப் பார்த்து ஊற்று அடங்கிவிட்டது என்று எந்தப் பொறியாளரும் முடிவு கட்டுவதில்லை, ஊறுவது எவ்வளவு, இறைப்பது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே அளந்த பின்பே பேசுவார். உயிர்ப்பதிவேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டத்தை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கவலைக்குரியது. வேலையை உண்மையாகவே இழந்தவர்கள் எந்த எண்ணிலும் வராமற்போவதைச் சொல்கிறேன். 2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக மேல்வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த விவாதம், பெரும்பாலும் பட்டாதாரருக்குரிய இழப்பீட்டையும், வீடு நிலம் கொடுத்தோர் குடும்பத்துக்குரிய வேலையையும் பற்றியதாகவே இருந்தது. அது நியாயமான விவாதந்தான். ஆனால் அத்தகைய வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்றுவந்த பெண்களின் நிலை என்ன? அவர்கள் இழந்த வேலைநாட்களுக்கு மனுச் செய்ய ஓர் அலுவலகம் உண்டா? காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற 1959ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் விவசாய வேலையையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலையையும் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. விவசாயக் கூலியின் வேலை தோன்றியதும் அந்த ஏட்டில் ஏறாதபோது, மறைந்ததும் அதில் ஏறாது.

சுரங்கத் தொழிலாளியின் நிலையும் இவ்விஷயத்தில் அதிக மேன்மையானதன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) திட்டத்தின் கீழ், தன் குற்றமின்றி வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரிக் கூலியில் ஒரு பங்கை, ஆயுளில் 90 நாள் வரையில் கொடுக்கும் ஏற்பாடு 2018இல் வந்தது. கால் பங்காக இருந்த அந்த உதவி 2020இல் அரைப்பங்காக உயர்த்தப்பட்டது. நம் நாட்டில் அமெரிக்க மனுக்களுக்கு மிக அருகில் வரக்கூடிய கணக்கு இதுவே. எனினும் 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் ‘தொழிற்சாலை’ என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போது, சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கங்களை விலக்கிவிட்டது. ஆகவே சுரங்கத்தையே நம்பி வாழும் ஊரில் பணிநீக்கம் எவ்வளவு நடந்தாலும் இந்த மனுக்கணக்கு அதற்கேற்ப உயரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தமிழ்நாடு அரசாங்கம் வழங்கும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையோ, பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தவர்களுக்கு, பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200 ரூபாயிலிருந்து பட்டதாரிக்கு 600 ரூபாய் வரையில், மூன்றாண்டு காலம் கிடைப்பது. ஐந்தாண்டுக்கு முந்திய பதிவை ஆதாரமாகக் கொண்ட ஓர் எண்ணிலிருந்து இந்த மாதத்து நிலவரத்தை அனுமானிக்க முடியாது.

இனி, வீடு வீடாகச் சென்று கேட்கும் மாதிரி ஆய்வு. பதிவேட்டுக் குறைகளுக்கு அது பெரிய பரிகாரம் என்பதில் ஐயமில்லை. 1972-73 முதல் நடந்துவந்த பெரிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக 2017இல் தொடங்கிய தொழிலாளர் ஆய்வு, 2025 முதல் மாதந்தோறும் வெளிவருகிறது. வாராந்தர நிலையைக் கணக்கிடும்போது, அந்த ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தவரையும் அது வேலையுடையவராகவே கொள்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக் காலமும், குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பகுதிகளில் சம்பா நடவும் இருக்கும் வாரங்களில் அந்த ஒரு மணி நேரம் எவருக்கும் வாய்த்துவிடும். அதனால், ஆய்வின் விகிதாசாரத்தைப் படிக்கும்போதும் கூலிநாட்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் முடிவுக்கு வருவது தவறு. எல்லா வகை வேலையின்மையையும் ஒரே எண்ணில் அடக்க முயல்வது நமது சமுதாயத்துக்குப் பொருந்தாது என்று, வேலையின்மைக் கணக்கீட்டை ஆராய்ந்த தந்த்வாலா குழு 1970இல் எச்சரித்ததை இன்னும் நாம் முழுமையாக மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே உயிர்ப்பதிவேட்டின் மொத்தத் தொகையை வேலையின்மையின் அளவாக எடுத்தாளும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு ஈடாக அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு மாதத்திலும் புதிதாகப் பதிந்தவர், புதுப்பித்தவர், புதுப்பிக்காமல் நீங்கியவர், வேலை பெற்று நீங்கியவர் ஆகிய நான்கு தொகைகளையும் தாலுகாவாரியாகத் தனித்தனியே வெளியிட வேண்டும். பதிவு செய்யும்போதே மனுதாரர் படிக்கிறவரா, வேலையில் இருக்கிறவரா, வேலையை இழந்தவரா என்று கேட்டு எழுத வேண்டும். நிலம் எடுக்கப்படும் கிராமத்தில் பட்டாதாரரின் பெயரோடு, அந்த நிலத்தில் கூலிவேலை செய்தவர்களின் பெயரும் அவர்கள் ஆண்டில் பெற்ற வேலைநாட்களும் கணக்கில் ஏற வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுத்துறை நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் வேலை கொடுத்த தனியார் நிறுவனங்களும் மூன்று மாதத்துக்கொரு முறை தங்கள் ஆள்தொகையை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுப்பும் கடமைக்கு உட்பட்டிருந்தன. அவ்வாறு வந்து சேர்ந்த கணக்குகளை ஊர்வாரியாக அச்சிட்டு ஜனங்களின் முன் வைக்கும்படி, கடலூர் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து கோர வேண்டும்.