லென்ஸில் இறுகிப்போன பில்டரைக் கழற்றுவது

கடந்த சோளகக் காலத்தில் வடமராட்சி கிழக்கில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போயிருந்தேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயின் வீடு. மகனின் படம் என்று அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று: பாடசாலைச் சீருடையில் எடுத்த சின்னப் படம். ஆல்பங்கள் எல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. இதை மட்டும் சொப்பிங் பையில் சுற்றி உடம்போடு வைத்திருந்ததால் தப்பியது. பின்னர் லமினேற் செய்திருக்கிறார். ஓரத்தால் ஈரம் ஏறி, முகத்தின் ஒரு பக்கம் கரையத் தொடங்கியிருந்தது.

“இதை ஒருக்கா வடிவா எடுத்துத் தாங்கோ தம்பி. இதுவும் போனா என்னட்டை ஒண்டும் இல்லை.”

அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பகலில் கடலைப் படம் எடுக்கப் போட்ட போலரைசர் பில்டர் இன்னும் லென்ஸில் இருந்தது. அந்தப் பில்டர் வரும் ஒளியில் மூன்றில் ஒன்றையோ நான்கில் ஒன்றையோதான் உள்ளே விடும். முக்காலி கொண்டுபோகவில்லை. பிளாஷ் அடித்தால் லமினேற்றில் வெள்ளைப் பொட்டாக விழும். பில்டரைக் கழற்றினால் மட்டுமே படம் ஆடாமல் வரும். அது கழரவில்லை.

போலரைசர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஓகஸ்ட் 30 போன்ற நாட்களில் தாய்மார் ஏந்தி நிற்கும் படங்களைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடிச் சட்டம் அல்லது லமினேற். வெயிலில் அவை பளபளத்து, படத்திலுள்ள முகமே தெரியாது. போலரைசரைச் சுழற்றி அந்தப் பளபளப்பைக் குறைக்கலாம். ஆனால் நேருக்கு நேர் நின்று எடுத்தால் அதனால் பெரிய பயன் இல்லை, சற்றுச் சரிவாக நிற்க வேண்டும். கண்ணாடியைப் பொறுத்தவரை, அதன் பரப்போடு ஏறத்தாழ 35 பாகைக் கோணத்தில் பார்க்கும்போதுதான் தெறிப்பு முழுமையாக வெட்டுப்படும்.

முதலில், இது ஏன் இறுகுகிறது என்று பார்ப்போம். பில்டரின் திருகுப் புரி மிக நுண்மையானது. பெரும்பாலான பில்டர்களில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையில் 0.75 மில்லிமீற்றர்தான். மலிவான பில்டர்களின் வளையம் அலுமினியம், லென்ஸின் முன்வாயும் பெரும்பாலும் அலுமினியம். ஒரே உலோகம் ஒன்றோடொன்று உராயும்போது கவ்விப் பிடிக்கும் குணம் உண்டு. பித்தளை வளையம் அவ்வளவாகக் கவ்வாது, அதனால்தான் விலை கூடிய பில்டர்கள் சில பித்தளையில் வருகின்றன. இதற்குமேல் எங்கள் ஊர்க் காற்று. குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடலோ கடனீரேரியோ தூரத்தில் இல்லை. மணற்காட்டிலோ குறிகட்டுவான் துறையிலோ அரை நாள் நின்றால் போதும், உப்பும் பொடிமணலும் புரிக்குள் போய்விடும். பில்டரை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் அந்த உப்பு அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கி இரண்டையும் ஒட்டவைக்கும்.

போலரைசருக்கு இன்னொரு வினையும் உண்டு. கழன்று விழுந்துவிடும் என்ற பயத்தில் அதை எப்போதும் இறுகும் திசையிலேயே சுழற்றுவோம். நாள் முழுக்கச் சுழற்றினால் இறுகாமல் என்ன செய்யும்?

அன்று நான் செய்த முதல் வேலையே பிழை. இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துத் திருகினேன். எல்லோரும் செய்வது அதுதான். மெல்லிய வளையத்தை இரண்டு பக்கம் அழுத்தினால் அது வட்டம் குலைந்து நீள்வட்டமாகும். அழுத்தாத இரண்டு பக்கமும் வெளியே தள்ளி லென்ஸின் புரியோடு இன்னும் பலமாக முட்டும். எவ்வளவு பலம் கொடுக்கிறோமோ அவ்வளவு இறுகும். ஆகவே வளையத்தைச் சுற்றிவர, எல்லாப் பக்கமும் ஒரேயளவாக, மெதுவாகப் பிடிக்க வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

திசை: லென்ஸின் முகத்தை உங்களை நோக்கி வைத்துக்கொண்டு இடஞ்சுழியாக, அதாவது மணிக்கூட்டுக் கம்பி ஓடும் திசைக்கு எதிராகத் திருக வேண்டும். கமராவின் உடலைப் பிடித்துக்கொண்டு திருகாதீர்கள். பில்டருக்கு மிக அருகில் லென்ஸின் முன்பகுதியைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அந்தத் திருகல் முழுவதும் லென்ஸின் உள்ளேயுள்ள போகஸ் பொறிமுறையில் போய் விழும்.

சாதாரண பில்டர் என்றால் பாட்டா செருப்பே போதும். கழுவிக் காயவைத்த தட்டையான றப்பர் அடியில் லென்ஸைக் கவிழ்த்து, வளையத்தின் விளிம்பு சுற்றிவரப் படும்படி இலேசாக அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். சமையலறை றப்பர் கையுறையும் உதவும். போலரைசருக்கு இது சரிவராது. அதில் இரண்டு வளையங்கள். முன்வளையம் தன்பாட்டில் சுழல்வதற்காகவே செய்யப்பட்டது, அதைப் பிடித்து எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். லென்ஸில் திருகியிருப்பது பின்வளையம். அதன் அகலம் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், விரல் நுனிக்கு அகப்படாது.

நான் படும் பாட்டை அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு தடித்த பைலோடு வந்தார். பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்தவற்றின் பிரதிகள். எல்லாவற்றையும் சேர்த்துச் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றால் கட்டியிருந்தார். அதை அவிழ்த்துத் தந்து, “போத்தல் மூடி திறக்கிறது மாதிரித்தானே” என்றார்.

ரியூப்பை ஒல்லியாக வெட்டிப் பின்வளையத்தின்மேல் மட்டும் படும்படி இரண்டு சுற்று இழுத்துச் சுற்றினேன். முன்வளையத்திலோ லென்ஸின் உடலிலோ அது படக்கூடாது, பட்டால் எல்லாம் சேர்ந்து சுழலும். விரல்கள் ஐந்தையும் சுற்றிவர வைத்து, பலம் கொடுக்காமல், விட்டு விட்டு அசைத்தேன். மூன்றாவது தடவை ‘டிக்’ என்று இளகியது. அதே வெளிச்சத்தில் வாசல்படியில் படத்தை வைத்து, பின்னால் கறுப்புத் துணி பிடித்து, பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். ரியூப்பில் மிஞ்சியதை அம்மா திருப்பி வாங்கிக்கொண்டார். பைலைக் கட்ட வேண்டுமே.

ரியூப் கிடைக்காவிட்டால் கடைகளில் வயர் கட்டும் பிளாஸ்ரிக் பட்டி இருக்கிறது. அதைப் பின்வளையத்தைச் சுற்றி இறுக்கினால் வால் பகுதியே கைப்பிடியாகும். பில்டர் கழற்றவென்றே பிளாஸ்ரிக் பிடிகள் சோடியாக விற்கிறார்கள், விலை அதிகமில்லை. உங்கள் பில்டரின் அளவுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். லென்ஸின் முகப்பில் Ø குறிக்குப் பக்கத்தில் 58, 67, 77 என்று இருப்பதுதான் அந்த அளவு.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்வோரும் உண்டு. கணக்குப் பார்த்தால், 77 மில்லிமீற்றர் அலுமினிய வளையம் 20 பாகை குளிர்ந்தால் சுருங்குவது ஏறத்தாழ 0.035 மில்லிமீற்றர். பில்டர் மட்டும் குளிர்ந்தால் அது சிறிது உதவும். லென்ஸும் சேர்ந்து குளிர்ந்தால் இரண்டும் ஒரேயளவு சுருங்கும், பயன் இல்லை. அதோடு எங்கள் ஈரக்காற்றில் வெளியே எடுத்தவுடன் லென்ஸ் வியர்க்கும், உள்ளே பூஞ்சணம் பிடிக்க அதுவே வழி. நான் செய்வதில்லை.

எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். மெல்லிய திரவம் புரி வழியாக ஊர்ந்து உள்ளே கண்ணாடிகளுக்கிடையில் போய்விடும். குறடும் வேண்டாம்.

கீழே விழுந்து பில்டரின் விளிம்பு நெளிந்திருந்தாலோ கண்ணாடி உடைந்திருந்தாலோ கதை வேறு. லென்ஸின் முகத்தை நிலத்தை நோக்கிப் பிடித்தபடியே தூள்களை ஒட்டுநாடாவால் எடுங்கள், துடைக்காதீர்கள். துடைத்தால் பில்டர் காப்பாற்றிய கண்ணாடியை நீங்களே கீறிவிடுவீர்கள். நெளிந்த வளையத்தைத் திருத்துநர்கள் ஒரு இடத்தில் அறுத்து உள்நோக்கி மடித்து எடுப்பார்கள். அதை வீட்டில் முயலாமல் அவர்களிடமே கொடுப்பது நல்லது.

இப்போது நான் பில்டரைப் பூட்டும்போது முதலில் பின்பக்கமாகச் சிறிது திருப்பி, புரி விழும் அந்தச் சின்னத் தட்டலை உணர்ந்த பிறகே முன்னோக்கித் திருகுகிறேன். முட்டியதும் ஒரு மயிரிழை தளர்த்திவிடுவேன். கடற்கரையிலிருந்து வந்தால் அன்றிரவே கழற்றி, காய்ந்த பல்துலக்கியால் புரியைத் துடைப்பேன். புரியில் பென்சில் கரி பூசும் பழக்கம் முன்பு இருந்தது. வழுக்குவது உண்மைதான், ஆனால் கரியும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு கூடும் என்பதால் விட்டுவிட்டேன். ஒரு பில்டருக்கு மேல் இன்னொன்றைப் பூட்டுவதுமில்லை.

கமராப் பையில் இரண்டு சைக்கிள் ரியூப் துண்டுகள் எப்போதும் கிடக்கின்றன. சைக்கிள் கடை ஐயா காசு வாங்கவில்லை.