மண்ணின் மைந்தரைத் தாங்குவோம்

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்தவர்கள் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து கற்பித்தார். ஊர் ஊராகச் சென்ற அவர் எங்கும் நீண்ட நாள் தங்க முடியவில்லை. எனவே ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க்காரரையே கணக்கப்பிள்ளையாக நியமித்தார். திருமுழுக்கு, செபம், மறைக்கல்வி அவர்கள் பொறுப்பாயின. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டுப் பெற்று, அவர்களுக்கு ஊதியம் அளித்தார்.

1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றி, குருக்களை வெளியேற்றினர். ஆனால் கடற்கரை மக்களின் விசுவாசம் அணையவில்லை. அது இம்மண்ணில் வேர்கொண்டிருந்தது.

1919-ல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட், அந்தந்த நாட்டுக் குருக்களை உருவாக்கித் தலைமைப் பொறுப்பும் தருமாறு வலியுறுத்தினார். 1923 ஜூன் 12 அன்று திருத்தந்தை 11-ஆம் பயஸ் தூத்துக்குடி மறைமாவட்டத்தை நிறுவினார். அதன் முதல் ஆயரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, இலத்தீன் வழிபாட்டு முறையில் தற்காலத்தின் முதல் இந்திய ஆயர். சீன ஆயர்கள் அறுவர் உரோமையில் திருநிலைப்படுத்தப்பட்டது அதற்குப் பின்னரே, 1926-ல்.

அயல்நாட்டு மறைப்பணியாளர்களின் தியாகத்தை நாம் மறவோம். எனினும் உபதேசியார் இன்றி அவர்கள் பணி நிலைத்திருக்குமா? பங்கில் குறைந்த ஊதியத்தில் உழைக்கும் உபதேசியாரின் குடும்பத்தை நாம் விசாரிக்கிறோமா? குருமடம் செல்ல விரும்பும் பிள்ளையை ஊக்குவிக்கிறோமா? மறைபரப்பு ஞாயிறு காணிக்கையோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அன்று அரசியின் காலணிப் பணம் தாங்கிய பணியை, இன்று தாங்க வேண்டியவர்கள் நாமே.