செல் சுவாசத்தில் குயினோன்: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செல் சுவாசத்தை ஆராய்ந்தவர்களின் கவனம் பெரிதும் புரதங்களின் மீதே குவிந்திருந்தது. 1925இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் சைட்டோகுரோம் என்னும் இரும்புப் புரதங்களை விளக்கியபின், உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் புரதம் புரதமாகக் கைமாறி இறுதியில் ஆக்சிஜனை அடைகின்றன என்ற கருத்து வேரூன்றியது. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலுள்ள கொழுப்புக்கு இந்த விளக்கத்தில் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கொழுப்பில் கரைந்திருந்த குயினோன் ஒன்று, அதைத் தேடாத இரு குழுவினரிடம் அகப்பட்டது. லிவர்பூலில் வைட்டமின் ஏ ஆய்வில் தேர்ந்த ஆர். ஏ. மார்ட்டனின் குழு, விலங்குத் திசுக்களின் கொழுப்பில் 272 நானோமீட்டர் புறஊதா ஒளியை உறிஞ்சும் ஒரு பொருளை 1955இல் அறிவித்தது. அதன் பணி அப்போது விளங்கவில்லை. 1957இல் அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக நொதி ஆய்வு நிலையத்தில், டேவிட் கிரீனின் குழுவைச் சேர்ந்த ஃபிரெடரிக் கிரேன், காலிஃபிளவர் மைட்டோகாண்ட்ரியாவில் தாம் கண்ட கரோட்டின் மாட்டு இதயத்திலும் உண்டா என்று பார்க்க முற்பட்டு, மஞ்சள் நிறப் படிகங்களைப் பிரித்தெடுத்தார். இறைச்சிக்கூடத்து இதயங்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பேரளவில் தயாரிக்கும் ஏற்பாடு அங்கே இருந்திராவிட்டால், அவ்வளவு சொற்பமான பொருள் படிகமாகத் திரண்டிருக்காது; கிரேனின் கூர்மைக்கு இணையாக இந்த உழைப்பையும் மதிக்க வேண்டும். படிகம் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானை ஏற்றும் இழந்தும் மாறி மாறி இயங்குவதை மேடிசன் குழு காட்டியது. அது கோஎன்சைம் கியூ என்றும், லிவர்பூல் வழக்கில் யுபிகுவினோன் என்றும் பெயர் பெற்றது.

1958இல் மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினர் இதன் வடிவத்தை நிறுவினர்: ஒரு குயினோன் வளையம், அதனுடன் பத்து ஐசோப்ரீன் அலகுகளாலான நீண்ட வால். வால் மூலக்கூறைச் சவ்வின் எண்ணெய்ப் பகுதிக்குள்ளேயே நிறுத்துகிறது. வளையம் இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் ஏற்றுக் குயினாலாகி, அவற்றை இழந்து மீண்டும் குயினோனாகிறது. செல் வளையத்தை டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்தும், வாலைக் கொலஸ்டிராலை உண்டாக்கும் மெவலோனேட் வழியிலும் தானே செய்துகொள்கிறது. கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் இரத்தத்தில் இப்பொருளின் அளவையும் குறைப்பது இதனால்தான்.

எலக்ட்ரானோடு புரோட்டானும் சேர்ந்து போவதன் பொருளை விளக்கியவர் பீட்டர் மிட்செல். சவ்வின் ஒரு புறத்தில் குவியும் புரோட்டான்களே ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உருவாக்க உதவுகின்றன என்று 1961இல் அவர் கூறியதை ஏற்கப் பலர் நீண்டகாலம் மறுத்தனர். 1975இல், கார்ன்வாலில் போட்மின் அருகே தாம் நிறுவிய சிறு ஆய்வகத்திலிருந்து, அவர் கியூ சுழற்சியை முன்வைத்தார்: குயினாலின் ஓர் எலக்ட்ரான் சைட்டோகுரோம் சி நோக்கிச் செல்ல, மற்றொன்று சவ்வின் மறுபுறத்திலுள்ள வேறொரு குயினோனிடம் திரும்புவதால், ஒரே எலக்ட்ரான் ஓட்டத்தில் கூடுதலான புரோட்டான்கள் வெளியேறுகின்றன. 1978இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சுழற்சி நிகழும் புரதத் தொகுதியை மாட்டு இதயத்திலிருந்து பிரித்து ஆராய்ந்த படிக அமைப்பு 1997இல் வெளியானபோது, அவர் கருத்துக்கு வேண்டிய இரு குயினோன் இடங்களும் சவ்வின் இரு பக்கங்களில் தனித்தனியே தெரிந்தன.