தரங்கம்பாடித் திருச்சபையும் உபதேசியார்களும்: இராசநாயக்கனை முன்வைத்து

காரைக்கால்மேடு முதலிய மீனவ ஊர்கள் அமைந்துள்ள காரைக்கால் கரைப்பகுதி, 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகும்வரை தஞ்சை மராத்தியர் ஆட்சியில் இருந்தது. அதற்கு வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள தரங்கம்பாடியோ 1620 முதல் தேனியர் குடியிருப்பு. 1706 சூலையில் சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கு வந்திறங்கியதிலிருந்தே தமிழகச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாறு எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் ஐரோப்பியப் போதகர்களின் பெயர்கள் நிறைந்துள்ள அளவிற்கு, அவர்களுக்கு நாவாகவும் காலாகவும் விளங்கிய உபதேசியார்களின் பெயர்கள் இடம்பெறவில்லை.

இதற்குச் சான்றுகளின் இயல்பே முதற்காரணம் எனலாம். மிஷனின் செய்திகள் செருமனியின் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டு அங்கு அறிக்கைகளாக அச்சிடப்பெற்றன. அவற்றைப் படித்தவர்களுள் பலர் பணிக்குப் பொருளுதவி செய்தோர். தமிழ் உபதேசியார் தம் பயணங்களைப் பற்றித் தந்த குறிப்புகள் செருமன் மொழியில் சுருக்கப்பட்டுப் போதகர்களின் நாட்குறிப்புகளுக்குள் கலந்தன. நடந்தவர் ஒருவர், எழுதியவராக அறியப்பட்டவர் வேறொருவர். 1707 மே மாதம் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள் என்பதும் பலராலும் விரைந்து கடக்கப்படும் செய்தியே.

உபதேசியாரின் இன்றியமையாமைக்கு அரசியல் எல்லையும் காரணமாயிற்று. தேனியர் நிலம் மிகச் சிறியது. அதற்கு அப்பால் தஞ்சை மன்னரின் நாடு. அங்கு இசைவின்றி ஐரோப்பியர் செல்ல இயலாத காலத்தில் தமிழ் உபதேசியார் ஊர் ஊராகச் சென்றனர், நோயுற்றோரைக் கண்டனர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர், சிதறிக் கிடந்த குடும்பங்களைச் சபையாக்கினர். எனவே இவர்களை உதவியாளர் என்று குறிக்கும் வழக்கு பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. சபை இருந்த இடம் அவர்கள் இருந்த இடமே.

1733 திசம்பரில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். கடலூரில் சைவ வேளாளர் குடியில் பிறந்து 1718இல் திருமுழுக்குப் பெற்ற அவரே சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குரு. இந்நிகழ்வு தமிழர்க்குத் திருச்சபை அளித்த மதிப்பின் அடையாளமாகப் போற்றப்படுவது முறையே. ஆயின் அதே காலத்தில் பணியாற்றிய இராசநாயக்கனின் வாழ்க்கையை அருகில் வைத்து நோக்கும்போது அம்மதிப்பின் எல்லை தெளிவாகிறது.

இராசநாயக்கன் கத்தோலிக்கராகப் பிறந்தவர், பறையர் சமூகத்தவர், தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர். அவரைத் தரங்கம்பாடியை நோக்கித் திருப்பியது போதகர் எவருடைய பேச்சும் அன்று. அங்கு அச்சான தமிழ்ச் சுவிசேஷ நூல். 1728 முதல் உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். திறத்திலும் சான்றாண்மையிலும் அவரைப் போதகர்கள் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் குருப்பட்டம் பற்றிய பேச்சு எழுந்தபோது, அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறித்தவர் தயங்குவர் என்ற அச்சமே முடிவைத் தீர்மானித்தது. 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு.

இம்முடிவைப் போதகர்களின் தனிப்பட்ட வெறுப்பாகக் கொள்வது எளிது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. சபை உடைந்துவிடக் கூடாது என்னும் கவலை அவர்களுக்கு இருந்தது. அக்கவலையின் விலையைச் செலுத்தியவர் இராசநாயக்கன் என்பதே இங்குக் கருதத்தக்கது. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது எனப் பேராயர் தானியேல் வில்சன் ஆணையிட்டது 1833இல்தான். அப்போதும் தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

தஞ்சைத் திருச்சபை என்றதும் நினைவுக்கு வருபவர் சுவார்ட்சு. அவர் தஞ்சையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டது 1778இல். அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1771இல், இராசநாயக்கன் மறைந்துவிட்டார். நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பணிக்குப் பின்னரும் அவர் உபதேசியாராகவே இருந்தார். அவர் திரட்டிய சபையினர் திருவிருந்தைப் பிறர் கையிலிருந்தே பெற்றனர்.