அறுவடையைக் காணாத விதைப்பு



சபையைப் புதுப்பிக்க நாம் எடுக்கும் பிரயாசங்கள் பலனற்றுத் தோன்றும்போது ராக்லாந்து ஐயரை நினைவுகூருவோம். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற அவர், சென்னையில் சர்ச் மிஷனெரி சங்கச் செயலாளர் பொறுப்பை விட்டு, 1854இல் வட திருநெல்வேலிக்கு வந்தார். கூடாரமடித்து, கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் அறிவித்தார். மனந்திரும்பினோர் சிலரே. நோயால் நலிந்து, 1858 அக்டோபர் 22இல், நம் சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கேயுள்ள சிவகாசியில் நித்திரையடைந்தார்.

1860இல் கிறிஸ்தியான்பேட்டை அருளப்பனாருடைய சபைகளில் எழுப்புதல் உண்டாயிற்று. ராக்லாந்து விதைத்த வட திருநெல்வேலிக்கும் அது பரவிற்று. எந்த மிஷன் திட்டமும் குறித்திராத வேளை அது. தேவன் குறித்த வேளை.

நிலத்தில் விழுந்து சாகும் கோதுமைமணியைக் குறித்து நம் ஆண்டவர் சொன்னதை (யோவான் 12:24) தியானிப்போம். விதைப்பதில் சோர்ந்துபோகாமல், விளைச்சலின் காலத்தை அவர் கரத்தில் ஒப்புவிப்போம். ஆமென்.